கன்று மேய்பாழும் தரிசும்: குறைகரிமச் சிற்றூருக்கான நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல்

முன்னுரை

புவி வெப்பமடைதலைக் குறைக்கும் முயற்சிகள் பெரும்பாலும் நகரங்களையும் ஆலைகளையும் மின்நிலையங்களையும் மையமாகக் கொண்டே பேசப்படுகின்றன. சிற்றூர்கள் இப்பேச்சில் இரண்டாம் இடத்தையே பெறுகின்றன. ஆயினும், அம்முயற்சிகள் செயல்வடிவம் பெறும்போது அவற்றுக்கு நிலம் தேவைப்படுகிறது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறவும், காற்றாலைகளை நிறுவவும், மரங்களை நட்டு வளர்க்கவும் வேண்டிய நிலம் சிற்றூர்களில்தான் உள்ளது.

2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில், 2070ஆம் ஆண்டுக்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக இந்தியா அறிவித்தது. 2022இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 23.7 விழுக்காடாக இருந்த வனம் மற்றும் மரங்களின் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. இவை வரவேற்கத்தக்க இலக்குகளே. எனினும், இவற்றுக்கான நிலம் எது, அந்நிலத்தை இப்பொழுது பயன்படுத்துவோர் யார் என்னும் வினாக்கள் ஒவ்வோர் ஊரிலும் எழுகின்றன.

ஊர்நிலத்தைத் திட்டமிடுவோர் எந்த நிலத்தை ‘வெறும் நிலம்’ எனக் கருதுகின்றனரோ, அக்கருத்தே திட்டத்தின் பயனையும் அதன் நீதியையும் பெரிதும் முடிவுசெய்கிறது என்பது நமது கருத்தாகும். தமிழகச் சிற்றூரின் நிலப்பகுப்பைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறைகரிம வளர்ச்சி என்பது யாது?

மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்திக்கொண்டே, வளிமண்டலத்தில் சேரும் பசுமைக்குடில் வாயுக்களின் அளவைக் குறைத்துச் செல்வதையே குறைகரிம வளர்ச்சி என்கிறோம். நகரத்தில் இது பெரும்பாலும் எரிபொருள், மின்சாரம் ஆகியவை பற்றிய கணக்காக அமையும். சிற்றூரிலோ நிலமே இரு பக்கமும் நின்று கணக்கில் இடம்பெறுகிறது. மண்ணும் மரமும் கரிமத்தைச் சேமிக்கின்றன. நீர் தேங்கிய வயல் மீத்தேனை வெளியிடுகிறது. தழைச்சத்து உரம் இடப்பட்ட மண் நைட்ரசு ஆக்சைடை வெளியிடுகிறது. நூறாண்டுக் கால அளவில் கணக்கிட்டால், ஒரு கிலோகிராம் மீத்தேன் அதே எடையுள்ள கரியமிலவாயுவைப் போல ஏறத்தாழ 27 மடங்கும், நைட்ரசு ஆக்சைடு ஏறத்தாழ 273 மடங்கும் வெப்பமூட்டும் ஆற்றல் உடையவை.

எனவே, எந்த நிலத்தில் எதைச் செய்கிறோம், நீரை எங்கிருந்து கொணர்கிறோம், கால்நடையை எங்கே மேய்க்கிறோம் என்பன யாவும் கரிமக் கணக்கின் கூறுகளே ஆகும். சிற்றூரின் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தையும் அதன் கரிமத் திட்டத்தையும் தனித்தனியே வகுத்தல் இயலாது.

ஊர்நிலமும் அதன் பெயர்களும்

தமிழகத்து ஊர்நிலம் நத்தம், நஞ்சை, புஞ்சை, தோட்டம், தோப்பு, ஏரி, புறம்போக்கு எனப் பல பெயர்களால் பகுக்கப்படுகிறது. இப்பகுப்பு நீண்ட வரலாறு உடையது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள், ஊர்களின் மொத்த நிலத்தைக் கூறியபின், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, சேரிகள் போன்றவை அமைந்த நிலத்தைக் கழித்து, எஞ்சியதையே வரிக்குரிய நிலமாகக் காட்டுகின்றன. விளைச்சல் தராத நிலமும் ஊரின் வாழ்வுக்கு இன்றியமையாதது என்னும் புரிதல் இக்கழிவில் அடங்கியுள்ளது.

சோழர் செப்பேடுகளில் ஊரின் உள்ளடக்கத்தை விரிக்கும் பகுதிகளில் ‘கன்று மேய்பாழ்’ என்னும் தொடர் வருவது இங்கு நம் கருத்துக்கு உரியது. இவ்வகைச் செப்பேடுகளுள் மலேசியத் தமிழருக்கு நன்கு அறிமுகமானது ஆனைமங்கலச் செப்பேடு. கடாரத்து அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்த விகாரைக்கு அளிக்கப்பட்ட ஊரைப் பற்றியது அது. ‘கன்று மேய்பாழ்’ என்பது உழப்படாத நிலத்தைக் குறிக்கிறது. எனினும், பாழ் என்று கூறி விட்டுவிடாமல், அப்பாழைப் பயன்படுத்துவது எது என்பதையும் அத்தொடர் உடன் கூறிவிடுகிறது.

பிற்காலத்தில் இந்நிலை மாறியது. சென்னை மாகாணத்தில் தாமசு மன்றோவின் முயற்சியால் வேரூன்றிய இரயத்துவாரி முறை, ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் எண்ணிட்டு, உழவரிடமிருந்து நேரடியாகத் தீர்வை பெறும் முறையாகும். அம்முறையில் நிலத்தின் தன்மையைத் தீர்மானித்த அளவுகோல் தீர்வையே. வரிக்கணக்கிற்குப் புறத்தே போன நிலம் புறம்போக்கு எனப்பட்டது. தீர்வை விதிக்கப்பட்டும் பயிரிடப்படாதது ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’. விதிக்கப்படாதது ‘தீர்வை ஏற்படாத தரிசு’. இப்பெயர்கள் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடுகளில் இன்றும் வழங்குகின்றன.

‘கன்று மேய்பாழ்’ பயன்பாட்டைச் சொல்லும் பெயர். ‘தரிசு’ வரவின்மையைச் சொல்லும் பெயர். இரண்டும் ஒரே நிலத்தைக் குறிக்கக்கூடும். ஆனால், இரண்டாம் பெயரை மட்டும் அறிந்த திட்ட அலுவலரின் கண்ணுக்கு அந்நிலத்தில் யாரும் இல்லை. குறைகரிமத் திட்டங்களில் எழும் சிக்கல்களுள் பலவற்றுக்கு இதுவே தோற்றுவாய் ஆகும்.

ஏரியும் கிணறும்

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. தென்மாவட்டங்களில் இவை கண்மாய் என வழங்கப்பெறும். ஏரிப் பாசனத்தில் நீர் மதகின் வழியே தன் எடையாலேயே வயலை அடைகிறது, மின்சாரம் தேவைப்படுவதில்லை. வரத்துக்கால் தூர்ந்து, நீர்ப்பிடிப்புப் பகுதி ஆக்கிரமிக்கப்பட்டு ஏரி பயனிழந்தால், உழவர் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நாடுகின்றனர். தமிழகத்தில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன.

இம்மாற்றத்தின் கரிம விளைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை எனக் கொள்வோம். இது ஏறத்தாழ 4,850 கனமீட்டர் ஆகும். இந்நீர் முழுவதையும் 30 மீட்டர் ஆழத்திலிருந்து, 40 விழுக்காடு திறனுடைய மின்விசைக் குழாயால் இறைத்தால், ஏறத்தாழ 1,000 யூனிட் மின்சாரம் செலவாகும். நீர்மட்டம் 100 மீட்டருக்கு இறங்கினால் செலவு ஏறத்தாழ 3,300 யூனிட்டாக உயரும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோகிராம் கரியமிலவாயு வெளியாகிறது எனக் கொண்டால், முதல் நிலையில் 0.7 டன்னும், இரண்டாம் நிலையில் 2.3 டன்னும் வளிமண்டலத்தில் சேர்கின்றன.

இதனை மரத்தோடு ஒப்பிட்டு நோக்குவோம். மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். ஒரு டன் உலர் எடை கொண்ட முதிர்ந்த மரம், பல்லாண்டு வாழ்நாளில் சேமிப்பது 1.8 டன் கரியமிலவாயுவுக்கு ஈடான கரிமமாகும். ஆழக் கிணற்றை நம்பி ஓர் ஏக்கரில் ஒரு பருவம் நெல் விளைவிப்பது அதனினும் மிகுதியாக வெளியிடுகிறது. ஆகவே, ஏரியையும் அதன் வரத்துக்காலையும் காத்தல் நீர்த்திட்டமாக மட்டுமன்றிக் கரிமத் திட்டமாகவும் அமைகிறது. 2017இல் தமிழக அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்துப் பணிகளை இந்நோக்கிலும் மதிப்பிடுதல் வேண்டும். ஏரியில் படிந்த வண்டலை வயலுக்கு அடித்தல் என்னும் பழைய வழக்கம், ஏரியின் கொள்ளளவைக் கூட்டுவதோடு மண்வளத்தையும் காக்கிறது.

நஞ்சையும் வடிகாலும்

நீர் தேங்கிய வயலில் மண்ணுக்குள் காற்றுப் புகாமையால், அழுகும் உயிர்ப்பொருளிலிருந்து மீத்தேன் உருவாகிறது. வயலை இடையிடையே காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சினால் இவ்வுமிழ்வு பெரிதும் குறையும். திருந்திய நெல் சாகுபடி என்னும் பெயரில் தமிழக உழவரிடையே பரப்பப்பட்ட முறையிலும் இக்கூறு உண்டு. நீரும் மிச்சமாகிறது.

ஆயினும், இதனைத் தனி உழவரின் விருப்பமாக மட்டும் கருதுதல் பொருந்தாது. காவிரிப் படுகையின் பல பகுதிகளில் நீர் ஒரு வயலைக் கடந்தே அடுத்த வயலை அடைகிறது. மேல்வயலைக் காயவிட்டால் கீழ்வயலுக்கு நீர் இல்லை. கீழ்வயலுக்கு நீர் வேண்டுமெனில் மேல்வயல் காய இயலாது. ஒவ்வொரு வயலுக்கும் தனிக் கால்வாயும் வடிகாலும் அமைந்தாலன்றி இம்முறை பரவாது. அவற்றுக்கு வேண்டிய நிலத்தை எவரேனும் விட்டுத்தரவும் வேண்டும். இங்ஙனம், மீத்தேன் குறைப்பு என்னும் உலகளாவிய நோக்கம் இறுதியில் சில அடி அகலமுள்ள வரப்பு நிலம் பற்றிய உடன்பாடாக வந்து நிற்கிறது. 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் குறிப்பிட்ட தொழில்களை அங்கே தடுக்கிறது. வேளாண்மைக்குள் நிகழவேண்டிய இத்தகைய ஒழுங்கமைப்பு ஊர் அளவிலான திட்டத்தாலேயே கைகூடும்.

புஞ்சையும் மேய்ச்சலும்

அறுவடைக்குப் பின் நஞ்சையும், மழையற்ற மாதங்களில் புஞ்சையும் மேய்ச்சல் நிலங்களாகின்றன. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களைச் சேர்ந்த கீதாரிகள், ஆட்டு மந்தைகளை அறுவடை முடிந்த காவிரிப் படுகை வயல்களுக்கு ஓட்டிச் செல்வது நெடுங்கால வழக்கம். இரவில் வயலில் கிடை போடப்படுகிறது. ஆட்டின் எருவும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகின்றன. கிடைக்கு உழவர் கூலி தருகின்றனர். ஆடுமாடுகள் மீத்தேன் வெளியிடுகின்றன என்பது உண்மையே. ஆயினும், கிடையால் மிச்சமாகும் இரசாயன உரத்தையும், அவ்வுரத்தின் ஆக்கத்திலும் பயன்பாட்டிலும் எழும் உமிழ்வையும் கணக்கின் மறுபக்கத்தில் எழுதுதல் முறையாகும்.

நில உரிமை இல்லாதோர்க்கு ஆடே சேமிப்பு. மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கு விற்கப்படுவது ஆடே. ஆதலின், மேய்க்கால் புறம்போக்கை மூடி மரம் நடும் திட்டம், நிலமற்ற குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்து ஊரின் கரிமச் சேமிப்பைக் கூட்டும் திட்டமாக மாறிவிடக்கூடும்.

நிலத்தை வெறுமை எனக் கருதி மரத்தால் நிரப்பியதன் விளைவுக்குச் சீமைக் கருவேலமே சான்று. விறகுத் தேவையைக் கருதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் புகுத்தப்பட்ட இம்மரம், பின்னர் வறண்ட மாவட்டங்களின் கண்மாய்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பரவியது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்ற ஆணையிட்டது. மரப்பரப்பு என்னும் அளவுகோலால் மட்டும் அளந்தால் சீமைக் கருவேலக் காடும் ஒரு வெற்றியாகவே தோன்றும். அதே வேளையில், இராமநாதபுரம் பகுதியில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகளுக்கு இம்மரமே வாழ்வாதாரம் ஆகிவிட்டது. அகற்றும் திட்டமும் அவர்களைக் கலந்தே அமையவேண்டும்.

மரம் நடுதலுக்கு மேய்ச்சல் நிலத்தைத் தவிர வேறு இடங்கள் ஊரில் உண்டு. வரப்பு, ஏரிக்கரை, சாலையோரம், நத்தம் ஆகியவை அவை. பனை வரப்பிலும் கரையிலும் நிற்பது. தனி நிலம் கேளாதது. கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் மீனங்காடி ஊராட்சி 2016இல் கரிமச் சமநிலைத் திட்டத்தைத் தொடங்கி, உழவர் தம் சொந்த நிலத்தில் வளர்க்கும் மரங்களை ஈடாகக் கொண்டு வட்டியில்லாக் கடன் வழங்கும் முறையை மேற்கொண்டது. பொதுநிலத்தை மூடாமல், மரம் வளர்ப்போர்க்கே பயன் சேரும் வழி இது.

மின்சாரத்திற்கான நிலம்

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் திறனுடைய சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இது ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்புடையது. ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் தேவை என்பது பொதுவான கணக்கு.

ஓர் ஊரின் சொந்தத் தேவையை இதனோடு ஒப்பிடுவோம். 500 வீடுகள் உள்ள ஊரில், வீடொன்றுக்கு மாதம் 100 யூனிட் எனக் கொண்டால், ஆண்டுத் தேவை 6 இலட்சம் யூனிட். தமிழகத்து வெயிலில் ஒரு மெகாவாட் அமைப்பு ஆண்டுக்குச் சுமார் 15 இலட்சம் யூனிட் தருகிறது. ஆகவே, ஊரின் வீட்டுத் தேவைக்கு 0.4 மெகாவாட் போதும். நிலமோ இரண்டு ஏக்கருக்கு மேல் வேண்டியதில்லை. பள்ளி, ஊராட்சி அலுவலகம், நெற்களஞ்சியம் ஆகியவற்றின் கூரைகளைப் பயன்படுத்தினால் அதுவும் குறையும்.

ஆதலின், பெருநிலம் கேட்கப்படும் இடங்களில் அத்தேவை ஊருக்குரியது அன்று. நகரத்துக்கும் தொழிலுக்கும் உரியது. அத்தேவையும் நியாயமானதே. நிலக்கரியை விடுத்துச் சூரிய ஒளியை நாடுதல் அனைவர்க்கும் நன்று. எனினும், நகரத்தின் கரிமச் சுமையைக் குறைக்க ஊர் தன் நிலத்தைத் தரும்பொழுது, அதற்குரிய ஈடு யாரைச் சேர்கிறது என்பதைக் கேட்டல் வேண்டும். பட்டா நிலத்தை விற்றவர் விலை பெறுவார். அந்நிலம் தரிசாகக் கிடந்த நாளில் அங்கே ஆடு மேய்த்தவரும் விறகு பொறுக்கியவரும் எதையும் பெறார். அவர்தம் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தானே நிறுவியது. மின்சாரம் விற்கும் ஊராக ஓர் ஊராட்சி விளங்கக்கூடும் என்பதற்கு அது சான்றாயிற்று.

திட்டமிடலின் வரிசைமுறை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, ஊர்நிலத் திட்டம் எவ்வரிசையில் அமையவேண்டும் என்பதைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. பதிவேட்டின் பெயரை மட்டும் கொள்ளாது, ஒவ்வொரு நிலத்துண்டும் மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் நேரில் காணப்படல் வேண்டும். மேய்ப்போர், விறகு சேர்க்கும் பெண்கள், வெளியூரிலிருந்து வரும் கீதாரிகள் ஆகியோரிடம் கேட்டறிதல் இதன் இன்றியமையாப் பகுதியாகும்.

இரண்டாவது, நீர்நிலைகளையும் அவற்றின் வரத்துக்கால்களையும் எல்லையிட்டுக் காத்தல். பிற பயன்பாடுகள் யாவும் நீரைப் பொறுத்தே அமைவதால் இது முந்துகிறது.

மூன்றாவது, நஞ்சையில் கால்வாய், வடிகால் ஒழுங்கு. நான்காவது, மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிய பின்னரே மரத்திற்கான இடங்களைத் தேர்தல். ஐந்தாவது, மின்னாக்கத்திற்குக் கூரைகளை முதலிலும் நிலத்தை இறுதியிலும் கொள்ளுதல்.

இவற்றைச் செய்வதற்குரிய சட்ட அடிப்படை ஏற்கெனவே உள்ளது. 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களை வகுக்கும் பொறுப்பை ஊராட்சிகளுக்கு அளிக்க வழிசெய்தது. நில மேம்பாடு, சிறுபாசனம், சமூகக் காடு, எரிபொருளும் தீவனமும், மரபுசாரா எரிசக்தி ஆகியவை அதன் பதினொன்றாம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம், சகுபால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றி அந்நிலங்களை மக்களின் பொதுப்பயனுக்கு மீட்டளிக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. குறை, பொதுநிலத்தின் பயன்பாட்டைக் கிராமசபை முன் எழுத்துவடிவில் வைக்கும் பழக்கம் வேரூன்றாமையே.

மலேசியச் சூழலில் ஓர் ஒப்புநோக்கு

இச்சிக்கல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. தீபகற்ப மலேசியாவுக்கென 1965இல் இயற்றப்பட்ட தேசிய நிலச் சட்டம், நிலப்பயன்பாட்டை வேளாண்மை, கட்டடம், தொழில் என மூன்று வகைகளாகப் பகுத்தது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த தமிழர், லயங்களின் பின்புறத்தில் காய்கறி பயிரிட்டதும், இரப்பர், செம்பனை நிரைகளுக்கிடையே மாடு மேய்த்ததும் இம்மூன்றனுள் எதிலும் பதியப்படாத பயன்பாடுகள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாற்றப்பட்டபொழுது அப்பயன்பாடுகள் ஈடின்றி மறைந்தன. 2050ஆம் ஆண்டுக்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்கும் இலக்கை மலேசியாவும் அறிவித்துள்ளது. அவ்விலக்கை நோக்கிய நிலத்திட்டங்களில், பதியப்படாத பயன்பாடுகளை முன்னரே கண்டறிதல் இங்கும் தேவைப்படும்.

முடிவுரை

சிற்றூரின் கரிமக் கணக்கில் பெரும்பங்கு வகிப்பவை நீர்நிலை, வயல், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் ஒழுங்கே என்பதைக் கண்டோம். மரப்பரப்பையும் மெகாவாட்டையும் மட்டும் எண்ணும் திட்டம் இவ்வொழுங்கைக் குலைத்துவிடக்கூடும். அங்ஙனம் குலையும்பொழுது இழப்பவர், நிலப் பதிவேட்டில் பெயரில்லாதவரே.

இதில் தமிழ் ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு பணி உண்டு. மந்தைவெளி, மேய்க்கால், வரத்துக்கால், களம், கிடை, பொட்டல் போன்ற சொற்களைப் பாடநூலின் பொருள்விளக்கத்தோடு நிறுத்திவிடாமல், அவை எந்நிலத்தை, யார், எப்பருவத்தில் பயன்படுத்தியதைக் குறிக்கின்றன என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். தோட்டப்புற முதியோரிடம் எஞ்சியுள்ள நிலச்சொற்களைத் தொகுத்தல் மலேசியத் தமிழ் ஆய்வுக்கு உரிய களமாகும். ஒரு நிலத்துண்டின் பழைய பெயர் அதன் பயன்பாட்டுக்குச் சான்றாக நிற்குமாயின், திட்டம் வகுப்போர் அதனை வெறும் தரிசு எனக் கடந்து செல்லுதல் எளிதன்று.